கடைமடையில் வந்து அளந்து பாருங்கள்: குடிநீர் வாரியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

எந்த நாட்டில் இருந்தாலும் சரி, மக்களுக்குக் குடிநீர் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். குழாய் எந்தத் தெரு வரை போகும், வால்வை எத்தனை மணிக்குத் திறப்பது, ஒரு குடம் தண்ணீர் என்ன விலைக்கு விழும், பணம் கட்ட முடியாதவர் வீட்டுக் குழாயை என்ன செய்வது, இவற்றையெல்லாம் தீர்மானிப்பவர்கள் நீங்கள். நான் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்துப் பார்ப்பவன். பல வருடங்களாக இதுதான் என் வேலை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாயின் வாய்ப்பக்கம்தான். உங்களுக்குத் தெரிந்தது அதன் மறுமுனை. இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விவசாயத்தில் கடைமடை என்று ஒரு சொல் இருக்கிறது. வாய்க்கால் கடைசியாகப் போய்ச் சேரும் நிலம். அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அந்தக் கடைசி வயல்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் வரப்புக்குள் வந்ததா, இல்லையா? அவ்வளவுதான். குடிநீருக்கும் ஒரு கடைமடை உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும் குழாய், தெருவுக்குத் தெரு கிளை பிரிந்து, அழுத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரு சந்துக்குள் நுழைந்து முடியும் இடம். நான் போன ஊர்களில் எல்லாம் அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள் ஏழைகளாகவே இருந்தார்கள். ஒரு தடவைகூட இது மாறி நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு சந்தின் கடைசி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே குழாய் தரைக்கு மேலே இல்லை. அழுத்தம் இல்லாததால் தண்ணீர் மேலே ஏறுவதில்லை. ஆகவே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, குழாயை அதற்குள்ளேயே வெட்டி, குடத்தைக் கீழே இறக்கி வைத்துப் பிடிக்கிறார்கள். பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சாக்கடை ஓடுகிறது. தண்ணீர் வரும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தக் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. வெறுங்குழாய் சும்மா இருக்காது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, விரிசல் வழியாக, பழைய இணைப்புகளின் இடுக்கு வழியாக, சுற்றியிருக்கும் ஈரத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் வால்வு திறந்ததும் முதலில் வந்து விழுவது அதுதான்.

அன்றைக்குத் தொட்டிக்கு அருகில் உள்ள வீட்டில் முதலில் சோதித்தேன். குளோரின் பார்க்கும் மாத்திரையைப் போட்டதும் தண்ணீர் நல்ல இளஞ்சிவப்பாக மாறியது. கிருமியைக் கொல்லும் மருந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதே தொட்டி, அதே தண்ணீர், கடைசி வீட்டில் மாத்திரை கரைந்தும் நிறமே வரவில்லை. வெறும் தண்ணீராகவே நின்றது. வழியில் சேர்ந்த அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோயிருந்தது. மலக்கிருமி இருக்கிறதா என்று காட்டும் சின்ன பாட்டில் ஒன்றிலும் அந்தத் தண்ணீரை நிரப்பி அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். கலப்பு இருந்தால் அது கறுக்கும்.

மறுநாள் போனபோது அந்த வீட்டுப் பாட்டி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கரி கரைத்ததுபோல் இருந்தது. "இதையா தம்பி என் பேரப்புள்ளைக்கு இத்தனை நாளும் குடுத்துட்டிருந்தேன்?" என்றார். காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. ஐந்து பேர் குடிக்கும் தண்ணீரைத் தினமும் கொதிக்க வைக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும்? அவர் வீட்டில் ஒரு வேளைச் சமையலுக்கே விறகு எண்ணி வைக்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்யக் கூலி வாங்கும் நாம் அதைச் செய்யாமல், அந்தச் செலவைக் கொண்டுபோய் இருப்பதிலேயே வசதியற்றவர் அடுப்பில் ஏற்றுகிறோம்.

அந்த வட்டாரத்தின் அறிக்கையில் தண்ணீர் தரமானது என்றே இருந்தது. பொய் எழுதவில்லை. மாதிரிகளில் பெரும்பாலானவை தொட்டிக்கு அருகில் எடுக்கப்பட்டவை, அவை தேறிவிட்டன. எங்கே எடுத்தோம் என்பதை யாரும் கேட்கவில்லை. இதுதான் என் முதல் புகார். சராசரி என்பது கடைமடையை மறைப்பதற்கு வசதியான துணி. எத்தனை சதவீதம் தேறியது என்று சொல்லாதீர்கள். எந்தத் தெரு தேறவில்லை என்று சொல்லுங்கள்.

எங்கே, எப்படி மாதிரி எடுக்கிறோம் என்பதில் உயிர்களே அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தில் நான்கு பேர் வறுமையில் இருந்த, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீருக்கான ஆதாரத்தை மாற்றி, ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்து, ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறம் மாறுகிறது, நாறுகிறது, தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் பாட்டிலோடு வந்து நின்றார்கள். தண்ணீர் பாதுகாப்பானதுதான் என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தது. மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சில நிமிடம் திறந்து ஓடவிடும்படி வீட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குழாயில் தேங்கிய ஈயமெல்லாம் அதில் கழுவிக்கொண்டு போய்விடும். சோதனையில் அளவு குறைவாகக் காட்டும். இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அதே 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இந்தத் தண்ணீர் தங்கள் என்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று சொல்லித் தன் ஆலைக்கு வேறு இடத்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. ஊர் மக்களுக்குப் பழைய தண்ணீர் திரும்பக் கிடைத்தது 2015 அக்டோபரில். இரும்புக்கு ஒரு வருடம் முன்னால் கிடைத்த நியாயம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. இடையில், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் கணக்கெடுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் சொன்னதையும் முதலில் மறுத்தார்கள். பணக்கார நாடு, பெரிய ஆய்வுக்கூடங்கள், எழுதி வைத்த சட்டங்கள் எல்லாம் இருந்தும் கடைமடைக்காரர் பேச்சு எடுபடவில்லை.

அடுத்தது விலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு போட்ட கணக்கே ஏழைகளை எப்படிக் கவிழ்க்கிறது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

குழாயே இல்லாதவர்கள்தான் தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2006-ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை முழுக்கத் தண்ணீரைப் பற்றியது. குடிசைப்பகுதிகளில் இருப்பவர்கள் அதே ஊரின் வசதியானவர்களைவிட ஒரு லிட்டருக்கு ஐந்து முதல் பத்து மடங்கு வரை கொடுக்கிறார்கள் என்று அது சொன்னது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீருக்கு அரசு மானியம் இருக்கிறது. குழாய் இல்லாதவருக்கு அந்த மானியம் போய்ச் சேர வழியே இல்லை. அவர் லாரிக்காரரிடமோ, வண்டியில் கொண்டுவருபவரிடமோ, இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ குடம் கணக்கில் வாங்குகிறார். விற்பவருக்கும் செலவு இருக்கிறது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழைக்கென்று ஒதுக்கிய மானியம் ஏற்கெனவே குழாய் உள்ளவர் வீட்டுத் தோட்டத்தில் போய் விழுகிறது என்பதுதான் கோளாறு.

சரி, ஒரு குழாய் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குறைவாகப் பயன்படுத்தினால் குறைந்த விலை, கூடக் கூட விலை ஏறும் என்று அடுக்குக் கட்டணம் வைத்திருக்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது கடைமடைக்கு வாருங்கள். ஒரே மீட்டரில் நான்கு குடும்பங்கள் தண்ணீர் எடுக்கின்றன. தனித்தனி இணைப்புக்குக் கட்ட அவர்களிடம் பணம் இல்லை, அல்லது வீட்டுக்காரர் விடுவதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று மிகச் சிக்கனமாகக் கணக்குப் போட்டாலும், ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 7,500 லிட்டர். நான்கு குடும்பத்துக்கு 30,000. மீட்டர் குடும்பத்தை எண்ணாது, லிட்டரைத்தான் எண்ணும். ஆக, குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் மட்டுமே தண்ணீர் எடுத்த இருபது பேரும் ஆடம்பரச் செலவாளிகளின் அடுக்கில் போய் நிற்கிறார்கள். மூன்று பேர் மட்டும் இருந்துகொண்டு புல்தரைக்கும் காருக்கும் சேர்த்து 20,000 லிட்டர் இறைக்கும் பெரிய வீடு அவர்களுக்குக் கீழ் அடுக்கில் நிம்மதியாக இருக்கிறது. ஏழைகளுக்கு உதவ என்று வைத்த கட்டணம்தான் இது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கட்டம் போதும், உங்கள் விண்ணப்பப் படிவத்தில். அந்த ஒரு கட்டம் இல்லாததால் எத்தனை வீடுகளில் குழந்தைகளைக் குளிப்பாட்டும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா இதில் இரண்டு பாடங்களையும் கொடுத்திருக்கிறது. அங்கே குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் சில பகுதிகளில் அதுவரை இலவசமாக வந்துகொண்டிருந்த தண்ணீருக்குக் கட்டணம் கேட்டார்கள். கட்ட முடியாதவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கும் குட்டைக்கும் போனார்கள். 2000 ஆகஸ்டில் அங்கே காலரா பரவத் தொடங்கியது. ஓய்வதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வசூலிக்க நினைத்த பணத்தைவிட மருத்துவத்துக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அதன்பின் 2001-ல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கை நாடு முழுவதற்கும் வந்தது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அங்கேயும் கணக்கு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். சொவேட்டோவின் ஃபீரி பகுதி மக்கள், முன்பணம் போட்டால் மட்டும் தண்ணீர் விடும் மீட்டருக்கு எதிராக வழக்குப் போட்டு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் கொடுத்ததை 2009-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அடிப்படைத் தேவைக்கே ஆளுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பாக்கி வைத்தால் இணைப்பைத் துண்டிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்கிறேன். துண்டிக்காவிட்டால் யாருமே கட்ட மாட்டார்கள் என்று உங்களில் பலர் சொல்வீர்கள் என்று தெரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கட்டவில்லை என்பதற்காக ஒரு வீட்டின் தண்ணீரை நிறுத்தவும் கூடாது, சொட்டுச் சொட்டாக விடும் கருவியைப் பொருத்தவும் கூடாது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகளில் போகலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. தனியார் நிறுவனங்கள் தண்ணீர் விற்கும் இடத்திலேயே இது நடைமுறையில் இருக்கிறது.

பணம் யார் கட்டவில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கம்போடியத் தலைநகரான நோம் பென்னில் 1993-ல் எக் சொன் சான் குடிநீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றார். போரில் நொறுங்கிக் கிடந்த அமைப்பு. உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கசிந்தும் களவு போயும் கணக்கில் வராமல் இருந்தது. நான்கில் ஒரு பங்கு மக்களுக்குத்தான் குழாய். அவர் கசிவை அடைத்தார். திருட்டு இணைப்புக்கு உடந்தையாக இருந்த சொந்த ஊழியர்களைத் திருத்தினார். எல்லா வீட்டுக்கும் மீட்டர் பொருத்தினார். பணம் கட்டாமலிருந்த ராணுவ ஜெனரல் ஒருவர் வீட்டுக்கு மீட்டரோடு போனபோது தன் தலையில் துப்பாக்கியை வைத்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் பின்வாங்கவில்லை. ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார், மற்றவர்களுக்குத் தவணை கொடுத்தார். பத்துப் பதினைந்து வருடங்களில் நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்குக் குழாய் வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது. இழப்பு 6 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அங்கே வாரியத்தை முடக்கி வைத்திருந்தவர்கள் ஏழைகள் அல்லர். பெரிய இடத்து பாக்கிதான் பெரிய பாக்கி. உங்கள் பாக்கிப் பட்டியலையும் தொகை வாரியாக அடுக்கிப் பாருங்கள். மேலே இருக்கும் பெயர்களில் குடிசைவாசி யாராவது இருக்கிறாரா?

இணைப்புக்கு நிலப் பத்திரம் கேட்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது வருவாய்த் துறையின் கேள்வி. தாகம் யாருக்கு என்பதுதான் உங்கள் கேள்வி. பத்திரம் இல்லாத இடத்தில் குழாய் போட்டால் ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்றால், இந்த இணைப்பு நில உரிமைக்குச் சான்று ஆகாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். இருபது வருடமாக ஒரே இடத்தில் குடியிருப்பவர்களை 'தற்காலிகமானவர்கள்' என்று கோப்பில் வைத்திருப்பது எனக்குப் புரியவே இல்லை.

உரிமை என்று உலக நாடுகள் சொல்லிவிட்டன. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமை என்று ஏற்றது. ஆதரவாக 122 நாடுகள். 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. எதிர்த்து ஒன்றுகூட இல்லை. ஆனால் 2024-ஆம் ஆண்டுக் கணக்கிலும் 210 கோடிப் பேருக்கு, அதாவது பூமியில் நான்கில் ஒருவருக்கு, பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே.

இது புதிதும் அல்ல. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று 1923-லேயே பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் மஹத் என்ற ஊரின் நகராட்சி தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924-ல் அறிவித்தது. அறிவித்த பிறகும் தலித்துகள் ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்காக அவர்கள் அடிபட்டார்கள். குளம் தீட்டுப்பட்டதென்று சடங்கு செய்தார்கள். வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937-ல். தீர்மானத்துக்கும் தொண்டைக்கும் நடுவில் பதினான்கு வருடம். 2010 தீர்மானம் அந்தப் பதினான்கைத் தாண்டிவிட்டது.

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. மழை பொய்க்கிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது, மின்கட்டணம் ஏறுகிறது, ஆள் போதவில்லை. நடு இரவில் உடைந்த குழாயைப் பள்ளத்தில் நின்று அடைக்கும் ஊழியர்களோடு நானும் நின்றிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் எல்லோருக்கும் குறைத்துக் கொடுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. முறை வைத்து விடும்போது தலைமடைக்குத் தினமும், கடைமடைக்கு வாரம் ஒரு நாளும் என்று எழுதும் அந்த அட்டவணையைத்தான் கேட்கிறேன். அதை எழுதியது வறட்சி அல்ல.

அந்த அட்டவணையை அடுத்த மாதம் திருத்தும்போது கடைசித் தெருவிலிருந்து தொடங்கி எழுதுங்கள். மாதிரிகளில் பாதியையாவது குழாய் முடியும் வீடுகளில், தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். தேதி சொல்லாமல் வரச் சொல்லுங்கள். முடிவை அந்தந்தத் தெருவின் சுவரிலேயே, அங்கே இருப்பவர்கள் படிக்கும் மொழியில் ஒட்டுங்கள். தேறவில்லை என்றால் தேறவில்லை என்றே எழுதுங்கள், என்று சரிசெய்வோம் என்ற தேதியோடு. உங்களில் ஒருவராவது நேரில் வந்தால் ஐஸ் பெட்டியை நானே தூக்கி வருகிறேன்.

அந்தப் பாட்டி கறுத்த பாட்டிலை என்னிடம் திருப்பித் தரவில்லை. அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார். நான் கிளம்பும்போது, "எப்ப நல்ல தண்ணி வரும்னு பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கிறேன். எப்போது வரும்?

இப்படிக்கு,
தண்ணீர் மாதிரி எடுக்கும் ஊழியன்